ஆடிட்டர் எழுதிய சித்திரங்கள்

ராஜாக்களையும் தேவதைகளையும் எழுதிய சித்திரக்காரர்களுக்கு நம் தேசத்தில் என்றும் குறைவில்லை. கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரை எழுத வேண்டுமென்று ஸ்ரீ பூபேன் கக்கருக்குத் தோன்றியது.

1934-ல் பம்பாயில் பிறந்த இவர் ஆடிட்டர் பரீட்சையில் தேறியவர். நண்பர் குலாம் முகம்மது ஷேக்கின் தூண்டுதலால் 1962-ல் பரோடாவுக்குச் சென்று, அங்குள்ள சர்வகலாசாலையில் கலை விமர்சனம் பயின்றார். ஜீவனத்துக்குக் கணக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் தூரிகை.

முதலில், கடைகளில் விற்கும் சுவாமி படங்களைக் கத்தரித்து ஒட்டினார். அவை நமக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை; கேலி அதிகம், கனிவு குறைவு. 1972-ல் ‘ஜனதா கடிகார ரிப்பேர்’ சித்திரமும், மறு ஆண்டு சவரக்கடைச் சித்திரமும் தோன்றின. விளம்பரப் பலகைக்கு உரிய பளிச்சென்ற வர்ணங்கள். கம்பெனியார் காலத்துச் சித்திரங்களில் காண்பதுபோல் சற்றே விறைத்த உருவங்கள். அங்க லட்சணம் சரியில்லை என்று பண்டிதர்கள் குறை கூறலாம். தேர்ந்த கையொன்று அவற்றைத் திருத்தியிருந்தால், அந்தச் சிறு வியாபாரியின் தனிமை அக்கணமே மறைந்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

உருவமற்ற சித்திரமே நாகரிகம் என்று பலர் கருதிய காலம் அது. 1981-ல் ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி முதலியோருடன் கக்கரும் சேர்ந்து, மனித உருவத்துக்கு மீண்டும் இடம் கோரி ஒரு கண்காட்சி நடத்தினார்.

அவ்வாண்டு எழுதியதே ‘எல்லோரையும் திருப்தி செய்ய இயலாது’ என்னும் பெரிய சித்திரம். தகப்பனும் பிள்ளையும் கழுதையுமாகப் போன கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். அக்கதை கீழே தெருவில் நடக்கிறது. மாடி முகப்பில் ஆடையின்றி நின்று ஒருவர் அதைப் பார்க்கிறார். அவர் கக்கரேதான். ஆடவரிடமே தம் காதல் செல்வதை நெடுநாள் மறைத்து வாழ்ந்தவர், ஊரார் பேச்சுக்கு அஞ்சுவதை இங்கே விட்டுவிட்டார். அடுத்து ‘காசியில் இருவர்’ வந்தது. குடும்பப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இதை நீக்கினால் அவருடைய பிற்காலச் சித்திரங்களில் பாதி விளங்காது. அயலாரைக் கனிவோடு பார்த்த கண், தன்னைப் பார்க்க ஐம்பது வயதை நெருங்க வேண்டியிருந்தது!

1984-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இறுதிக் காலத்தில் புற்றுநோய் கண்டபோதும், நொந்த உடலின் காயங்களையே எழுதினார். 2003-ல் பரோடாவில் காலமானார்.

2016-ல் லண்டன் டேட் மாடர்ன் காட்சிசாலை இவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்திற்று. கழுதைச் சித்திரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அவ்வூர்ப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். வேறு சிலர் மனமாரப் புகழ்ந்தார்கள்.