வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, கல்லூரி வரை சென்று, ஆசிரியராகத் தேறிய பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் அவர்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கு இதைவிடப் பெருமை வேறில்லை. அத்தகைய வீடு ஒன்றுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ புருணையிலிருந்தோ ஒரு நாள் வேலைக் கடிதம் வருகிறது. சம்பளத் தொகையைக் கண்டதும் வீடே பரபரப்பாகிவிடுகிறது. பக்கத்து வீட்டார் அதை நம் நாட்டு வெள்ளியாகப் பெருக்கிப் பார்க்கிறார்கள். போகலாமா, பினாங்கிலேயே இருந்துவிடலாமா என்ற பேச்சு அந்தப் பெருக்கலோடு முடிந்துவிடுகிறது. பெருக்கலுக்குப் பிறகு செய்யவேண்டிய கழித்தலைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் நிர்ணயக் கூலி வகுத்தபோது, எளிதில் போய்ச் சேரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்தார்கள். பகாங்கின் உட்பகுதிகளில் அதுவே 58 காசு, 46 காசு. (பெண்ணுக்கு ஏன் குறைவு என்பது தனியாகவே பேசவேண்டிய பொருள்.) பகாங்கில் எட்டுக் காசு கூடுதலாகப் பெற்ற நம் பாட்டனார், எட்டுக் காசு கூடுதலாக மிச்சம் பிடித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. அரிசியும் பருப்பும் அந்த உட்பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் விலை ஏறிவிடும். கூடுதல் கூலியின் பெரும்பகுதி அந்த விலைக்கே போயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்குக் கூலியைவிட மிச்சம்தான் முக்கியம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

இப்போது நாணயத்துக்கு வருவோம். 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அப்போது மூன்றும் வெள்ளிக்கு வெள்ளி சரிசமமாக மாறின. 1973 மே மாதத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருந்த அந்தச் சமநிலை முடிவுக்கு வந்தது. சிங்கப்பூருக்கும் புருணைக்கும் இடையே அது இன்றும் நீடிக்கிறது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி, நம் வெள்ளி மூன்றுக்கு மேல் போகிறது. ஆசை பிறப்பது இங்கேதான். ஆனால், அங்கே சம்பாதித்ததை அங்கேயே செலவழிக்கும் வரையில் இந்த மூன்று மடங்குக்குப் பொருளே இல்லை. சிங்கப்பூர்க் கடையில் ஒரு வெள்ளியை நீட்டினால் மூன்று கோப்பைத் தேநீர் வராது. மிச்சமாகி எல்லை தாண்டி வரும் பணத்துக்கு மட்டுமே அந்தப் பெருக்கல் செல்லும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நாம் விளக்கத்துக்காக வைத்துக்கொள்பவை. உங்கள் வீட்டுத் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

செபராங் பிறையில் பெற்றோருடன் இருக்கும் ஒரு பெண். தீவில் ஒரு தனியார் பாலர் பள்ளியில் ஆசிரியை. மாதச் சம்பளம் 3,500 வெள்ளி. இதில் ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 385 வெள்ளி பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13, அதாவது 455 வெள்ளி போடுகிறார். மற்ற சிறு பிடித்தங்களை விட்டுவிடுவோம். கையில் வருவது 3,115. வீட்டுச் செலவுக்குத் தாயாரிடம் 800 கொடுக்கிறார். மோட்டார் சைக்கிள், பெட்ரோல், தொலைபேசி, துணிமணி, பகல் சாப்பாடு என்று 900 ஆகிறது. (பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் கட்டணம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.) மிச்சம் 1,415. சேமநிதியில் சேர்வது 840. ஆக, மாதம் 2,255 வெள்ளி அவர் பெயரில் சேர்கிறது.

இதே பெண்ணுக்குச் சிங்கப்பூரில் 3,600 சிங்கப்பூர் வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. மாற்று விலை 3 வெள்ளி 20 காசு என்று கொண்டால் 11,520 வெள்ளி. ஊரில் பேசப்படும் தொகை இதுதான். இனிக் கழித்தல். ஓர் அறைக்கு வாடகை 1,000. சாப்பாடு, பேருந்து, ரயில் 900. வருமான வரிக்கு ஒதுக்குவதும் தொலைபேசியும் மற்றவையும் சேர்த்து 300. மிச்சம் 1,400 சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் 4,480. சம்பளம் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. மிச்சமோ இரண்டு மடங்கோடு நின்றுவிட்டது. இதுவும் நல்ல லாபம்தான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த 4,480க்குள் சேமநிதி கிடையாது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 முதல் நடந்துவருகிறது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் போகிறவருக்கு முதலாளி அதில் ஒரு காசும் போடுவதில்லை. பினாங்கில் கேட்காமலே சேர்ந்துவந்த 840 வெள்ளி அங்கே நின்றுபோகிறது. அதை ஈடுசெய்ய ஒரு வழி உண்டு. நம் ஊழியர் சேமநிதியில் ஒருவர் தாமாகவே விரும்பிப் பணம் போடலாம். சட்டப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரைக்குக் குறையாத லாப ஈவுக்கு அங்கே உத்தரவாதம் இருக்கிறது. 2024 மே முதல், 55 வயதுக்குட்பட்டவரின் கணக்கில் புதிதாகச் சேரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2024 பிப்ரவரி 1க்கு முன் நியமனமாகி ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர், வேலையை விட்டால் எதை இழப்பார் என்பதை எழுத்து மூலம் கேட்டறியாமல் கடிதத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது.

செலவுகளில் பெரியது வாடகை. அது என்ன செய்யும் என்பதற்கு ஜார்ஜ் டவுனே சாட்சி. போருக்கு முன் கட்டப்பட்ட பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், நகரின் நடுவிலேயே குறைந்த வாடகையில் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்தன. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை உயர்ந்தது, பல குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் வருமானத்தில் மாற்றமில்லை. மாறியது வாடகை ஒன்றுதான். ஆகவே, வெளிநாட்டுப் பள்ளி வீடு தருகிறதா என்பது சம்பளம் எவ்வளவு என்பதற்குச் சமமான கேள்வி. மேலே சொன்ன கணக்கில் அறை இலவசமானால் மாதம் 3,200 வெள்ளி கூடுதலாக மிஞ்சும். வீடு தரும் பள்ளியில் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் லாபம் அங்கே இருக்கலாம்.

புருணையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தனிநபர் வருமான வரி இல்லை. நாணயமோ சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். மதுவிற்பனைக்குத் தடை இருப்பதால் சில ஆண்பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சேமிப்பு! ஆனால் பேருந்து வசதி குறைவு. கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். கார்த் தவணை இந்த லாபத்தில் எவ்வளவு தின்னும் என்று பார்க்கவேண்டும். தென்கொரியாவில் ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் ஆசிரியருக்கான விசா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கென்று வகுக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. ஆகவே அங்கே அந்த வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகரிடம், எந்த விசாவில் அனுப்புகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

நேயர்களே, எங்களுக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. "பதினோராயிரம் வாங்குகிற பிள்ளை மாதம் மூவாயிரம் அனுப்பக் கூடாதா?" என்று வீட்டில் கேட்கிறோம். நம் கணக்கில் அந்த 4,480லிருந்து 3,000 அனுப்பிவிட்டால் அந்தப் பெண்ணிடம் நிற்பது 1,480. பெற்றோர் வீட்டில் இருந்தபோது அவர் பெயரில் சேர்ந்த 2,255ஐ விட இது குறைவு. ஊரைவிட்டு, உறவைவிட்டு, அந்நிய அறையில் தனியே சமைத்துச் சாப்பிட்டு அவர் கண்ட பலன் இதுதானா? உடன்பிறந்தவர் படிப்பு, லயத்தைவிட்டு வெளியேறி வீடு வாங்கும் ஆசை எல்லாம் நமக்கும் தெரியும். அதனால்தான் பிள்ளை புறப்படும் முன்பே, தாய் தந்தையரோடு உட்கார்ந்து, எவ்வளவு அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம்.

மாதம் 1,500 வெள்ளி என்று முடிவாகட்டும். முன்பு 800 பெற்ற தாயாருக்கு 700 கூடுதல். மீதி 2,980இல், விட்டுப்போன 840ஐத் தானே சேமநிதியில் போட்டுவிட்டால் கையில் 2,140 நிற்கும். வீட்டில் இருந்தபோது நின்றது 1,415. ஆக, அவருக்கும் 725 கூடுதல். தீபாவளிக்குப் பட்டர்வொர்த் வந்துபோகும் செலவும், அறைக்கு முதலில் கட்டும் முன்பணமும் இந்த 725லிருந்துதான் போகவேண்டும். ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் திரும்பும் பயணச்சீட்டு யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.