மூடிய கதவும் சிவப்புத் தொப்பியும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. 'ராணுவ கிராமம்' என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை இந்த ஒன்றியத்தில்தான் உள்ளது. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. இந்த வட்டாரப் பையன்களுக்கு ராணுவ வேலை புதிதல்ல. ஆனால் நம் காலனிப் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதை எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்? அந்த வாசல்தான் ராணுவ போலீஸ்.

சிவப்புத் தொப்பி, வெள்ளை பெல்ட், கையில் 'எம்.பி.' பட்டை. இதுதான் அவர்களின் அடையாளம். படைக்குள் ஒழுங்கைக் காப்பது, வீரர்கள் தொடர்பான குற்றங்களை விசாரிப்பது, படை வண்டிகள் போகும் பாதையைச் சீர்செய்வது, போர்க் கைதிகளைக் கையாள்வது ஆகியவை அவர்களின் வேலை. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வேளையில், நான்காவது இந்தியக் காலாட்படைப் பிரிவுக்காக அமைக்கப்பட்டு எகிப்துக்குப் போன சிறு அணியிலிருந்து வளர்ந்த படை இது. 1971 போரின் முடிவில் சரணடைந்தவர்கள் சுமார் 93,000 பேர். அவ்வளவு பேரையும் சட்டப்படி நடத்தித் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். இதன் பயிற்சி மையம் பெங்களூரில் உள்ளது.

படைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. கம்பெனி காலத்துச் சென்னைப் படையில் பறையர் சமூக வீரர்கள் ஏராளம். சாலை போட்டதும் பாலம் கட்டியதும் முன்வரிசையில் நின்றதும் அவர்கள்தான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தளபதியானார். தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்பது அவர் எண்ணம். 'போர்க்குடி' என்ற அந்தக் கொள்கையால் படிப்படியாகக் கதவு மூடியது. 1890களில் மகர்களைச் சேர்ப்பதும் நின்றது. 1933இல் சென்னைப் பயனியர் படை கலைக்கப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகனான அம்பேத்கர் விடாமல் வாதாடினார். 1941 அக்டோபரில் மகர் ரெஜிமென்ட் உருவானது.

சில காலாட்படை ரெஜிமென்ட்களில் வகுப்பு, வட்டார வழக்கம் இன்னும் தொடர்கிறது. ராணுவ போலீஸில் அது இல்லை. எந்தச் சாதியினரும் எந்த மாநிலத்தவரும் சேரலாம். பெண்கள் சிப்பாய்களாகச் சேர முதலில் திறக்கப்பட்டதும் இந்தப் பிரிவுதான். 2019இல் அறிவிப்பு வந்தது. 61 வாரப் பயிற்சி முடித்து 2021 மே 8 அன்று 83 பெண்கள் பெங்களூரில் உறுதிமொழி ஏற்றார்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு கிடையாது. 2022 முதல் அக்னிவீர் முறையில்தான் எடுக்கிறார்கள். பணி நான்கு ஆண்டு. அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். ஓய்வூதியம் இல்லை. நான்கு ஆண்டுக்குப் பின் என்ன செய்வது என்ற யோசனையும் இருந்தால்தான் இது நல்ல வழி.

தகுதி எட்டாததல்ல. பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம் மதிப்பெண் வேண்டும். பதினேழரை வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 10 அடி நீளம் தாண்டுதல், 3 அடி உயரம் தாண்டுதல். வயது வரம்பு, உயரம் ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும். விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே. தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பையன்கள் விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் ஊர் பாராட்டுகிறது. பெண் பிள்ளை ஓடினால் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பெற்றோர் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று கதவை மூடியது வெள்ளைக்காரன். இன்று திறந்திருக்கும் கதவை நாமே மூடிவிடக் கூடாது.