தொடக்கப் பள்ளி வாசிப்புத் தேர்வும் தமிழின் இயல்பும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தை அடுத்துள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. 340 மாணாக்கர் பயின்ற கல்லூரியொன்றைப் பற்றி அது கூறுகின்றது. இளநிலையினர் 270 பேர், முதுநிலையினர் 70 பேர், இளநிலையினருள் ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கணம் பயின்றோர் 40 பேர் எனத் துறைதோறும் எண்ணிக்கை காட்டி, அவர்க்கு நாள்தோறும் அளந்து கொடுக்கவேண்டிய நெல்லையும் வரையறுக்கின்றது. அங்கே அளவுக்கு உட்பட்டது நெல். இன்று அவ்வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும் அளவுக்கு உட்படுவது குழந்தையின் வாசிப்பு. இவ்வளவுகோல் தமிழின் இயல்போடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

நாடு முழுமைக்கும் பொதுவான வாசிப்புத் தேர்வுகளுள் இரண்டு நம் கருத்துக்கு உரியன. பிரதம் அமைப்பினர் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வு ஊரகக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே கண்டு, எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என நான்கு படிகளில் வாசிக்கச் செய்கின்றது. மற்றொன்று, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவினர் 2022 மார்ச்சுத் திங்களில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு. 20 மொழிகளில், ஏறத்தாழ 10,000 பள்ளிகளில், மூன்றாம் வகுப்பு மாணவர் 86,000 பேரைத் தனித்தனியே அமர்த்தி வாசிக்கச் செய்து இஃது அளந்தது. முன்னது விரைவைக் கணக்கில் கொள்வதில்லை. பத்தியை மெல்ல வாசிப்பினும், அடிக்கடி நின்று சொல் சொல்லாகப் படிக்காமல் தொடராக வாசித்து, பிழைகள் மூன்றுக்கு மேற்படாதிருந்தாற் போதும். பின்னது ஒரு நிமிடத்தில் பிழையின்றி வாசித்த சொற்களை எண்ணுகின்றது. இவற்றுள் 'பிழை' என்பது யாது, 'சொல்' என்பது யாது என்னும் இரு வினாக்களும் இலக்கணத்தைச் சார்ந்தவை. இவற்றிற்கு விடை கூறும் கடமை தமிழ்த் துறையினரைச் சாரும்.

பிழையை முதற்கண் நோக்குவோம். வட மாவட்டங்களின் பேச்சு வழக்கில் ழகரம் பல இடங்களில் யகரமாக ஒலிப்பதை மொழியியலார் குறித்துள்ளனர். பழம் 'பயம்' ஆகும். கிழவி 'கெயவி' ஆவாள். வீடு 'வூடு' எனவும், உட்கார்தல் 'குந்துதல்' எனவும் வழங்கும். இவ்வழக்கில் வளர்ந்த சிறுமி 'கிழவி' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு 'கெயவி' எனப் படிக்கின்றாள் என்க. எழுத்தைக் கூட்டி ஒலித்திருந்தால் அவ்வொலி அவள் வாயில் தோன்றியிராது. சொல்லைக் கண்டாள், பொருளை உணர்ந்தாள், தன் வீட்டு மொழியில் அதைச் சொன்னாள். வாசிப்பின் பயன் இதுதானே? மற்றொரு சிறுவன் 'கி' என்னும் எழுத்தை மட்டும் அறிந்து 'கிளி' என்கின்றான். முன்னது நாவின் வேறுபாடு; பின்னது எழுத்தறியாமை. தேர்வாளர் இரண்டையும் ஒரே பிழையாகக் குறித்தாலோ, மூன்று பிழை என்னும் எல்லையை அச்சிறுமி ஒரு பத்திக்குள்ளேயே கடந்துவிடுவாள். பத்தி வாசிக்க வல்லவள் 'சொல் மட்டும் வாசிப்பவள்' என்று பதிவு பெறுவாள்.

ழகர ஒலியைப் பள்ளி கற்பிக்க வேண்டாமோ எனின், கற்பித்தே ஆகவேண்டும். ஆயினும் ஒலிப்புத் தேர்வு வேறு, வாசிப்புத் தேர்வு வேறு. 'முயல் எங்கே உட்கார்ந்தது?' என்னும் வினாவிற்கு 'மரத்தாண்ட குந்துச்சு' என்னும் விடை முழுமையும் சரியானதே. தொல்காப்பியப் பாயிரம் வழக்கினைச் செய்யுளோடு ஒப்பவைத்துக் கூறியதை நாம் வகுப்பறையில் பாராட்டிவிட்டு, தேர்வுத்தாளில் மறந்துவிடுதல் பொருந்தாது.

இனிச் சொல்லெண்ணிக்கை. 2021இல் தொடங்கப்பெற்ற நிபுண் பாரத் இயக்கத்தின் நெறிமுறை, மூன்றாம் வகுப்புக் குழந்தை நிமிடத்திற்கு 60 சொற்களேனும் வாசிக்கவேண்டும் என இலக்கு வைத்தது. 'அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு நடந்துகொண்டிருந்தான்' என்னும் தொடரில் சொற்கள் நான்கே, எழுத்துகளோ 31. இதையே ஆங்கிலத்தில் கூறினால் ஒன்பது சொற்கள் வேண்டும். ஆகவே 60 சொல் என்னும் இலக்கை எட்ட ஆங்கிலக் குழந்தை இத்தகைய தொடர் ஏழினை வாசித்தாற் போதும். தமிழ்க் குழந்தை பதினைந்தை வாசிக்கவேண்டும். குழந்தைகளின் பாடத்தில் இத்துணை நீண்ட சொற்கள் அடுத்தடுத்து வருவதில்லை என்பது உண்மையே. எனினும் வேற்றுமையுருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டி நிற்கும் மொழிக்கும் அவை பிரிந்து நிற்கும் மொழிக்கும் ஒரே எண்ணை விதித்தல் எங்ஙனம் அமையும்? 2022 ஆய்வினர் மொழிதோறும் தனித்தனி வரையறை வகுத்தமை இவ்வகையில் பாராட்டத்தக்கது.

அதனாலும் இடர்ப்பாடு முற்றும் தீர்ந்துவிடவில்லை. 'வந்துவிட்டான்' என்பதைச் சேர்த்து அச்சிட்டால் ஒரு சொல். 'வந்து விட்டான்' எனப் பிரித்தால் இரண்டு. பதிப்பகந்தோறும், ஏன், ஒரே பாடநூலின் பக்கந்தோறும் இது மாறக் காண்கின்றோம். ஒரு பத்தியில் பத்துத் துணைவினைகள் இருப்பின், அச்சுக்கோப்பு முறையொன்றினாலேயே பத்துச் சொற்கள் கூடும் அல்லது குறையும். குழந்தை வாசித்தது என்னவோ ஒன்றே! சொல்லை விடுத்து எழுத்தை எண்ணுவது இதனினும் செப்பமான அளவு என்பது நம் துணிபு. ஒற்றெழுத்தையும் எண்ணுவதா என்னும் வினா அங்கே எழும். அதனை ஒரு விதியால் முடித்துவிடலாம்.

சிற்றூர்ப் பள்ளிகளைக் குறித்து ஒன்று கூறவேண்டும். மேற்கூறிய ஆய்வுகள் மாதிரி எடுத்து மாநிலம் போன்ற பெரும்பரப்பின் நிலையை மதிப்பிடுவன. தனியொரு பள்ளிக்குத் தரம் கட்டுவன அல்ல. மூன்றாம் வகுப்பில் பத்துக் குழந்தைகள் உள்ள பள்ளியில் ஒரு குழந்தை தடுமாறினால் விழுக்காடு பத்துக் குறையும். அத்தகைய எண்ணைக் கொண்டு ஆசிரியரைப் பழித்தலும் புகழ்தலும் கணக்கறியாமையாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ப உதவிப் பணம் வழங்கும் முறை இருந்தது. 1862இல் இங்கிலாந்தில் அம்முறை புகுந்தபோதே, தேர்வுக்குரிய பகுதியை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் பெருகிற்று எனக் கல்வியாளர் குறைகூறினர்.

தேர்வுக்குரிய பத்தியை எழுதுவோர், அப்பத்தியிலுள்ள ழகர, ளகரச் சொற்களுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் ஒலிப்பைத் தொகுத்துத் தேர்வாளர் கையேட்டில் சேர்த்தல் அரிதன்று. துணைவினையைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா என்பதையும் முன்னரே வரையறுக்கலாம். குழந்தை ஒரு சொல்லை வேறாக ஒலித்தவிடத்துத் தேர்வாளர் 'அது என்ன?' என்று ஒரு முறை வினவி, விடையைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால், 'கெயவி' என்றவளையும் 'கிளி' என்றவனையும் வேறுபடுத்தி அறியலாம்.