உஷார்! சிக்னலில் நடுங்கும் கார் இறக்கத்தில் கைவிடும்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா? ஆர்பிஎம் முள் 800-லிருந்து 500-க்குச் சரிந்து மறுபடி எம்புகிறதா? ஏசி போட்டதும் ஒரு குலுக்கு குலுக்கி வண்டி ஆஃப் ஆகிறதா? "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று சாவியைத் திருகிக் கிளம்பிவிடாதீர்கள்.

நின்ற இடத்தில் ஆஃப் ஆனால் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், அவ்வளவுதான். ஓடும்போது ஆஃப் ஆனால் கதையே வேறு. பிரேக்கில் உங்கள் கால் பலத்தைப் பெருக்கித் தருவது பூஸ்டர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது எஞ்சினின் வேக்குவத்தில் வேலை செய்கிறது. டீசலில் அதற்குத் தனி பம்ப், அதையும் எஞ்சின்தான் சுற்றுகிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிக்குத்தான் பூஸ்டரில் தெம்பு இருக்கும். பிறகு பெடல் கல்லாக இறுகும். ஸ்டீயரிங்கும் கனக்கலாம்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் ஆட்கள் உண்டு. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலிங்கை நம்பித்தான் ஓடுகிறது. அந்த ஐடிலிங்தான் உங்கள் வண்டியில் சரியில்லை! கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். இன்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை விட்டு அப்படி இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். பிறகு எந்த மிச்சத்துக்கு நியூட்ரல்?

ஓட்டத்தில் ஆஃப் ஆகிவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக, முழு பலத்தோடு அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த ஆபத்து ஒர்க் ஷாப்பில். "ஐடிலிங்கை ஏத்தி விட்டுடறேன் சார், சரியாயிடும்" என்பார்கள். சரியாகாது, மறையும். காரணம் எங்கோ இருக்கிறது: திராட்டில் பாடியில் படிந்த கரி, தேய்ந்த பிளக், போகப்போகும் காயில், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், வெடித்த வேக்குவம் ஹோஸ். எப்போது நடக்கிறது என்று கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். சூடேறியதும் ஆஃப் ஆகி, ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார்மேல் சந்தேகப்படலாம். ஐடிலிங்கில் மட்டும் நடுங்கி, வேகத்தில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்கேன் போட்டதும் சென்சாரை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பி0171 என்ற பிழைக் குறியீடு வந்தால், காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு என்றுதான் பொருள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. சில நூறு ரூபாய் ஹோஸ் கிழிந்ததற்கு ஆயிரக்கணக்கில் சென்சார் வாங்கியவர்கள் ஏராளம்.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் அப்போதே ஓரம் கட்டுங்கள். மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தையிலும் இதே சேதம்தான். கூடவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஷாக் வேறு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இதுதான்: காற்று கசியும் இடம் பூஸ்டராகவே இருக்கலாம். அப்படியானால் ஐடிலிங் கோளாறும் பிரேக் கோளாறும் ஒன்றே. நின்ற வண்டியில் பிரேக்கை மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தத்தோடு எஞ்சின் தடுமாறுகிறதா? இன்றைக்கே சோதியுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.