பசுமலைப் பள்ளியும் கம்பம் பள்ளத்தாக்கும்

திருச்சபை நடத்தும் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் கட்டடங்களையும், தலைமையாசிரியர்களின் வரிசையையும், தேர்வு முடிவுகளையும் தொகுத்து அமைந்துவிடுவதே வழக்கம். இவை பயனற்றவை அல்ல. எனினும், இறையியல் பயில்வோராகிய நமக்கு வேறொரு வினா முதன்மையானது. பள்ளியின் வாயிலுள் யார் வந்தனர்? யார் வெளியே நின்றனர்? இவ்வினாவை மனத்திற்கொண்டு, மதுரையை அடுத்த பசுமலைப் பள்ளியின் வரலாற்றை, தொலைவிலிருந்து அதனை நாடிய கம்பம் பள்ளத்தாக்கின் பக்கமாக நின்று நோக்குவோம்.

1. தோற்றம்

அமெரிக்க மதுரை மிஷன் 1834-ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஷனெரிமாரால் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1823 முதல் நடைபெற்று வந்த வட்டுக்கோட்டைச் செமினரியே அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. அதைப் போன்றதோர் உயர்கல்வி நிலையம் மதுரை நாட்டிலும் வேண்டுமெனக் கருதி, 1842-இல் வில்லியம் திரேசி ஐயர் திருமங்கலத்தில் ஒரு செமினரியைத் தொடங்கினார். 1845-இல் அது பசுமலை அடிவாரத்துக்கு மாற்றப்பட்டது. பசுமலைப் பள்ளியின் வேர் இதுவே.

உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே செமினரியின் முதல் நோக்கம். எனவே தொடக்கத்தில் இது திருச்சபையின் தேவைக்காக அமைந்த பள்ளியேயன்றி, ஊராரின் தேவைக்காக அமைந்த பள்ளியன்று. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறி எனலாம்.

இன்றைய தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மிஷன் காலத்தில் இப்பகுதியின் ஊழியம் பெரியகுளத்தை நிலையமாகக் கொண்டு நடந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்ச் சபைகளும் அதனைச் சார்ந்தே இருந்தன. சிற்றூரில் உபதேசியார் நடத்தும் தொடக்கப் பள்ளி, நிலையத்தில் விடுதிப் பள்ளி, அதற்கும் மேல் பசுமலை என்பதே மிஷன் கல்வியின் படிநிலை. கம்பத்திலிருந்து மதுரைக்கு இன்றைய சாலையில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர் தொலைவு. மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 1928-இல்தான் வந்தது. அதற்கு முந்திய தலைமுறைகளில் பசுமலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், நடந்தோ மாட்டுவண்டியிலோ நாட்கணக்கில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய பிள்ளைக்கு விடுதி ஒரு வசதி மட்டுமன்று. விடுதி இன்றேல் பள்ளியே இல்லை.

2. ஒரே பந்தியின் சோதனை

விடுதி என்றால் உணவு. உணவு என்றால் நம் நாட்டில் சாதி. 1847-ஆம் ஆண்டில் மதுரை மிஷன், சாதியைக் கைவிடாதவர் சபையின் அங்கத்தினராகவோ ஊழியராகவோ நீடிக்கலாகாது எனத் தீர்மானித்தது. சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்பதே அதற்குரிய வெளிப்படையான அடையாளமாகக் கொள்ளப்பட்டது. உபதேசிமார் பலர் வேலையைத் துறந்தனர். பசுமலையிலிருந்து மாணவர் பலர் வெளியேறினர். வளர்ந்து வந்த ஒரு நிறுவனத்துக்கு இது பேரிழப்பு.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு உண்பதை விட்டு விலகியதையும், பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததையும் நாம் அறிவோம். நற்செய்தியின் உண்மை அங்கே பந்தியில் வைத்துச் சோதிக்கப்பட்டது. 1847-இல் பசுமலையிலும் அவ்வாறே நிகழ்ந்தது என்று கூறுவது மிகையாகாது. மாணவர் தொகையைக் காத்துக்கொள்வதா, பந்தியின் ஒருமையைக் காத்துக்கொள்வதா என்ற நிலை வந்தபோது, பள்ளி தொகையை இழக்கத் துணிந்தது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அத்தீர்மானம் அயல்நாட்டு மிஷனெரிமார் இயற்றியது. அதற்கு உட்பட்டவர்கள் அவர்களிடம் ஊதியம் பெற்றவர்கள். ஊதியத்தின் வாயிலாக வரும் கட்டளை வெளி நடத்தையை மாற்றும். உள்ளத்தை மாற்றுமென உறுதி கூற இயலாது. சாதி பின்னரும் நம் சபைகளில் திருமண உறவிலும், தேர்தல்களிலும், பணி நியமனங்களிலும் உயிரோடிருப்பதே இதற்குச் சான்று. தீர்மானம் சரியானது, அதனைத் தன் தீர்மானமாக ஏற்கும் சபை அப்போது உருவாகியிருக்கவில்லை.

3. அடைக்கப்பட்ட ஆங்கில வாயில்

இரண்டாவது நெருக்கடி 1855-இல் வந்தது. அமெரிக்கன் போர்டின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து மிஷன் பணிகளை ஆராய்ந்தார். சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாங்கவும், பெருக்கவும் வேண்டும் என்பது அவரது கொள்கை. தமிழ்ச் சபைகளுக்குத் தமிழ்ப் போதகர்களே வேண்டும். அவர்களைத் தாய்மொழியிலேயே பயிற்றுவிக்க வேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் ஊழியத்தை விட்டு அரசுப் பணியை நாடுகின்றனர் என்று அவர் கருதினார். இதன் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. பசுமலையில் ஆங்கிலம் கைவிடப்பட்டது.

கொள்கை அளவில் ஆண்டர்சனைக் குறைகூறுவது எளிதன்று. தமிழில் இறையியல் கற்பிக்கவும் எழுதவும் முற்படும் நாம் ஒருவகையில் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் நடைமுறையில் நேர்ந்தது என்ன? ஆங்கிலமே அரசுப் பணிக்கும் உயர்கல்விக்கும் வாயிலாக இருந்த காலம் அது. வசதியுள்ளோர் ஆங்கிலத்தை வேறிடத்தில் கற்றுக்கொண்டனர். மிஷன் பள்ளியன்றி வேறு பள்ளி அறியாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கே வாயில் அடைபட்டது. வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறி, பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் கற்றவர் தமிழுக்கு அயலாராவர் என்ற அச்சத்துக்கு அவர் வாழ்வே மறுமொழி.

1870-இல் பசுமலையின் பொறுப்பை ஏற்ற வாஷ்பர்ன் ஐயர் காலத்தில் பள்ளி மீண்டும் விரிந்தது. ஆங்கிலக் கல்வி திரும்பியது. 1881-இல் கல்லூரி வகுப்புகள் தோன்றின. அவையே 1904-இல் மதுரைக்குப் பெயர்ந்து, அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தன. உயர்நிலைப் பள்ளி பசுமலையிலேயே நிலைத்தது. ஊழியரை உருவாக்கத் தோன்றிய செமினரி, இவ்வாறு எல்லாச் சமயத்தாரின் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளியாயிற்று.

4. பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மாற்றம்

இதற்கிடையே பள்ளத்தாக்கும் மாறியது. 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கவழியே நீர் கிழக்கே வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்நீரால் விளைகிறது. மலைமேல் ஏலமும், அடிவாரத்தில் திராட்சையும் பெருகின. ஆனால் நீரும் நிலமும் உள்ளவர்க்கே செழிப்பு வந்தது. ஏலத்தோட்டங்களுக்குப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக அதிகாலையில் மலையேறும் கூலித் தொழிலாளர் குடும்பங்களில், பிள்ளையின் படிப்பு பருவத்தையும் கூலியையும் பொறுத்ததாகவே இருந்து வந்துள்ளது.

பள்ளிகளும் பெருகின. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு உள்ளான பிரமலைக் கள்ளர் ஊர்களில் 1920 முதல் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எழுந்தன. விடுதலைக்குப்பின் அரசுப் பள்ளிகள் சிற்றூர்தோறும் வந்தன. உரோமன் கத்தோலிக்கச் சபையாரும், வணிகச் சமூகத்தாரும் இப்பகுதியில் பள்ளிகளை நிறுவினர். திருச்சபையின் பள்ளி இன்றேல் கல்வியே இல்லை என்ற நிலை மறைந்தது. இதனை நாம் இழப்பாகக் கருத வேண்டியதில்லை. நன்றியோடு ஏற்க வேண்டியதே. ஆனால் இதனால் ஒரு கடமை பிறக்கிறது. பிறர் செய்யும் பணியையே நாமும் செய்வதாயின், திருச்சபைப் பள்ளி என்று ஒன்று தனியே இருப்பதற்குரிய காரணத்தை நாம் கூறியாக வேண்டும்.

5. இன்றைய வினா

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை மிஷனின் பணிகள் மதுரை - இராமநாதபுரம் திருமண்டலத்தில் தொடர்ந்தன. நம் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிவுற்றோர்க்கு ஒதுக்கப் பணித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2025-இல் அந்நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, அத்தீர்ப்பின்மேல் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு வைத்தது.

நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பினும், இறையியல் வினா அதற்குமுன் நிற்கிறது. உரிமை எதற்காகத் தரப்பட்டது? ஏழைப் பிள்ளைக்கு இடம் தராதிருக்கும் விலக்காக அதனைப் பயன்படுத்தினால், சட்டத்தின்முன் நாம் குற்றமற்றவராகலாம். நற்செய்தியின்முன் ஆக முடியுமா?

1855-ஆம் ஆண்டின் சிக்கல் இன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதையும் காண்கிறோம். அன்று ஆங்கிலம் எல்லோர்க்கும் அடைக்கப்பட்டது. இன்று பல திருமண்டலங்களில் கட்டணம் செலுத்துவோர்க்கு ஆங்கிலவழிப் பள்ளியும், செலுத்த இயலாதோர்க்கு அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியும் ஒரே திருச்சபையின் பெயரால் நடைபெறுகின்றன. முன்னதற்குப் புதுக் கட்டடம் எழுகிறது. பின்னதில் மாணவர் தொகை குறைகிறது. இரு பந்திகள் மீண்டும் விரிக்கப்பட்டுள்ளன. இம்முறை அவற்றைப் பிரிப்பது பணம். ஆனால் பணத்தின் பின்னே சாதியும் நிற்பதை நம் சிற்றூர்களை அறிந்தோர் அறிவர்.

ஆகவே, தாளாளர் பொறுப்பேற்கும் ஆயர்களும், நாளை ஏற்கவிருக்கும் இறையியல் மாணவர்களும் சில வினாக்களை ஆண்டுதோறும் எழுப்புதல் நலம். நம் பள்ளி விடுதியில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் எத்தனை பேர்? பருவ வேலைக்குப் பெற்றோர் மலையேறும் மாதங்களில் வகுப்பை விட்டு நின்ற சிறுவனைத் தேடிச் சென்றவர் யார்? தமிழ்வழி மாணவனுக்கு ஆங்கிலம் செம்மையாகக் கற்பிக்கப்படுகிறதா? ஆசிரியர் நியமனம் தகுதியால் நடைபெறுகிறதா? இவ்வினாக்களுக்கான விடைகள் திருமண்டல ஆண்டறிக்கையில் தேர்வு முடிவுகளோடு சேர்ந்து இடம்பெறுமாயின், நம் பள்ளிகளின் வரலாறு வேறுவிதமாக எழுதப்படும்.

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்தின் எஜமான் பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவுக்குச் செல்கிறார்; எவராலும் வேலைக்கு அழைக்கப்படாது நின்றவர்களை அழைக்கிறார். திராட்சை விளையும் பள்ளத்தாக்கின் மக்களுக்கு இவ்வுவமையை விளக்கத் தேவையில்லை. கடைசியாக நிற்பவனைத் தேடிச் செல்லும் பள்ளிக்கே திருச்சபையின் பள்ளி என்னும் பெயர் பொருந்தும்.