ஜடேஜாவைக் கொடுத்தது சரியா?

2023 ஐபிஎல் இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஜடேஜா 10 ஓட்டங்கள் அடித்துச் சென்னையை வெல்ல வைத்தபோது, ஈப்போவில் விடியற்காலை 4 மணி. கண்விழித்துப் பார்த்த நம் பேரா ரசிகர்களுக்கு 2025 நவம்பர் 15 கசந்திருக்கும். அன்றுதான் ஜடேஜாவையும் சாம் கரனையும் இராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை.

சஞ்சுவுக்கு 18 கோடி ரூபாய். ஜடேஜாவுக்கு 14, கரனுக்கு 2.4 கோடி. பந்தும் வீசக்கூடிய இருவர் கிடைத்தும் இராஜஸ்தானுக்கு 1.6 கோடி மிச்சம்!

சென்னைக்கு? அப்போது 44 வயதான டோனிக்குப் பின் விக்கெட் காக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்று சஞ்சுவுக்கு வயது 31, ஜடேஜாவுக்கோ 37 நெருங்கியிருந்தது. 2025இல் கடைசி இடத்தில் முடித்த அணி மாறித்தான் ஆக வேண்டும். ஜடேஜாவைக் கொடுத்ததில் நியாயம் உண்டு. கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அதிகம்.