நித்யகல்யாணியும் எலும்புப் புற்றுநோயும்

யாங்கூன் நகரின் லைங் தாயா பகுதியில், ஆடைத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பமொன்றின் பிள்ளைக்குக் காலெலும்பு வீங்கினால், முதலில் கைக்கு எட்டுவது பச்சிலைதான். பச்சிலையை இகழ வேண்டியதில்லை. எலும்பைத் தாக்கும் யூவிங் சார்கோமாவுக்கு இன்று தரப்படும் மருந்துகளில் வின்கிரிஸ்டின் நித்யகல்யாணியிலிருந்து வந்தது. இன்னொரு மருந்தான எட்டோபோசைடின் மூலம் போடோஃபில்லம் செடி. வின்கிரிஸ்டின் தருவது, தென் தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் உழவர்கள் பயிரிடும் அதே நித்யகல்யாணிதான்.

அப்படியானால் நித்யகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் செல் பிரிவதைத் தடுக்கும் நஞ்சு. அளவு சற்றே மிஞ்சினாலும் நரம்பைக் கெடுக்கும். அதனால்தான் அளந்து, சிரை வழியாக மட்டும் செலுத்துகிறார்கள். கஷாயத்தில் அந்த அளவை யார் அறிவார்? மஞ்சளில் உள்ள குர்குமின், மற்றோர் எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமாவின் செல்களை ஆய்வகத் தட்டில் கொல்கிறது, உண்மை. ஆனால் வாய்வழி உண்டால் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆஸ்டியோசார்கோமாவுக்கான வழக்கமான மூன்று மருந்துகளில் ஒன்றுகூடச் செடியிலிருந்து வந்ததல்ல.

பிள்ளையின் எலும்பு வலி இரவிலும் தணியாமல், வீக்கமும் சேர்ந்தால், மருத்துவமனைக்குச் சென்று உடனே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.